பந்தலின் கீழ்க் கைமாறும் பொருள்

வெளியூரில் வாழும் அன்பர்கள் பலர், நம் ஊர்க் கல்யாண முறைகளைப் பற்றி ஒரு திங்கள் எழுதுமாறு பன்முறை கேட்டுவிட்டனர். தம் மக்கள் பம்பாயிலும் பெங்களூரிலும் அரபு நாடுகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள் என்றும், தாலிக்கு முன்னே எது, பின்னே எது என்று அவர்கள் கேட்டால் விடை சொல்லத் தமக்கே தெரியவில்லை என்றும் குறைபட்டுக்கொள்கின்றனர். நியாயமான குறைதான். ஆயினும் சடங்குகளின் வரிசையை, யாம் எழுதுவதைக் காட்டிலும் ஊரிலுள்ள எந்தப் பாட்டியாரும் நன்றாகச் சொல்லிவிடுவார். ஆகையால் யாம் வேறொரு வாசல் வழியாக இதனுள் புகுகின்றோம். பந்தலின் கீழ் மாலை மாறுகிறது, மோதிரம் மாறுகிறது, அவற்றோடு நிலமும் பொன்னும் பணமும் மாறுகின்றன. அப்பொருள் யார் கையிலிருந்து புறப்பட்டு யார் கையில் போய்த் தங்குகிறது? எல்லாம் முடிந்தபின் மணப்பெண்ணின் கையில் மிஞ்சுவது எவ்வளவு? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் நம் பக்கத்துப் பழைய முறைகளின் உட்பொருள் விளங்கும்.

இதற்கு முதலில் சற்றுத் தொலைவு போய் வருதல் வேண்டும். ஐரோப்பாவின் மேற்கோரத்தில் கடலுக்குள் கிடக்கும் அயர்லாந்து நாடு, பஞ்சத்திற்கும் கப்பலேறிப் போன மக்களுக்கும் பேர்போனது. 1845-ஆம் ஆண்டு அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டகன்றனர். அப்பஞ்சத்திற்குப் பிறகு, குடியானவன் தன் நிலத்தைத் துண்டு போடவே அஞ்சினான். ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், ஏனையோருக்கு வழிச்செலவு என்பதே வீட்டுக்கு வீடு சட்டமாயிற்று. 1930-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஆரன்ஸ்பெர்க், கிம்பல் என்னும் இருவர் சென்று கிளேர் என்னும் மேற்குப் பகுதிக் கிராமங்களில் தங்கி, அங்குள்ள குடும்ப முறைகளை ஆராய்ந்து 1940-இல் நூலாக வெளியிட்டனர். அதில் கூறப்படும் கல்யாணப் பேச்சைப் படிக்கும் நம்மவர் எவரும், இது பாறசாலைச் சந்தையை அடுத்த ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது போலும் என்று எண்ணாமல் இரார்.

அங்கும் தரகர் உண்டு. அங்கும் பேச்சுத் தொடங்குவது சந்தை நாளில்தான். பெண் என்ன கொண்டுவருவாள் என்று பிள்ளை வீட்டார் கேட்பர். பேரம் ஏறும், இறங்கும், முறியும், மீண்டும் ஒட்டும். பின்னர்ப் பெண்ணைப் பெற்றவர் தம் சுற்றத்தாருடன் பிள்ளையின் நிலத்தை நேரில் சென்று பார்ப்பார், வரப்பெல்லாம் நடப்பார், மாட்டை எண்ணுவார். நம்மில் பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகின்றனர். அங்கே பெண் வீட்டார் மண் பார்க்கப் போயினர். இரண்டு பக்கமும் இசைந்தபின் வழக்கறிஞரிடம் சென்று பத்திரம் எழுதுவர். அப்பத்திரத்தில் இளையவர்களைப் பற்றி எழுதுவதை விட முதியவர்களைப் பற்றி எழுதுவதே மிகுதி. நிலத்தை மகன் பேருக்கு விட்டுக்கொடுக்கும் தாய் தந்தையர்க்கு வீட்டில் எந்த அறை, அவர்களுக்கு ஒரு பசு மேய எவ்வளவு புல், அடுப்பெரிக்க எவ்வளவு எரிபொருள் என்றெல்லாம் வரையறை செய்துவிடுவர். கிளேர்ப் பகுதியில் வீட்டின் மேற்கறை முதியவர்களுக்கு உரியது என்பது வழக்கம். மருமகள் வந்தபின் மாமியார் எங்கே படுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட அந்த நாட்டாரின் அறிவை யாம் மெச்சுகின்றோம்!

பெண் கொண்டுவந்த சீதனம் என்னவாயிற்று என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அது பெண்ணிடமும் தங்கவில்லை. அவளை மணந்தவனிடமும் தங்கவில்லை. பிள்ளையின் தந்தை அதனை வாங்கித் தம் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து அவளை வேறொரு வீட்டிற்கு அனுப்பினார். அவ்வீட்டாரும் அவ்வாறே செய்தனர். மகள் இல்லாத வீடாயின், வெளிநாடு போகும் மற்றொரு மகனுக்கு அது கப்பற்கூலியாயிற்று. ஆக ஒரே பணம் மூன்று நான்கு வீடுகளைச் சுற்றிவந்தது. அது எந்தப் பெண்ணின் பெயரால் புறப்பட்டதோ அந்தப் பெண் மட்டும் அதனைக் கண்ணால் கண்டு கையால் விட்டவளாகவே நின்றாள்.

இதனைப் படித்தபோது எமக்கு எம் அன்னையாரின் நினைவு வந்தது. அவர் மணமாகி வந்தபோது அணிந்து வந்த ஏழு பவுன் சங்கிலி, மறு ஆண்டே எம் அத்தையாரின் கழுத்தில் ஏறிற்று. அத்தையார் அதனை அணிந்துகொண்டு பூவாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். கழற்றித் தருமாறு உங்களைக் கேட்டார்களா என்று ஒரு நாள் வினவினோம். அன்னையார் முறத்தைக் கீழே வைக்காமலே, "என்னத்தக் கேக்கணும்? உனக்க அத்தைக்கும் ஒரு நல்லது நடக்கண்டாமா?" என்றார். அச்சொல்லில் வருத்தமும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் எம் தந்தையார் மறைந்து வீட்டைப் பாகம் செய்யும் பேச்சு எழுந்தபோது, அந்த ஏழு பவுனைப் பற்றி வாய்திறந்தவர் ஒருவரும் இலர்.

நிற்க. கிளேர்ப் பகுதிக்கு இருந்தது ஒரே முறை. நம் எல்லைப்புறத்திற்கோ முறைகள் பல. திருப்புறத்திலிருந்து வடக்கே நெய்யாற்றின்கரை, தெற்கே பூவாறு, கிழக்கே பாறசாலை, அதனையும் கடந்தால் களியக்காவிளை. இந்தச் சிறு வட்டத்திற்குள் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் பேசப்படும். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எனினும் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே யன்றிக் கல்யாணத்தில் விழவில்லை. இன்றும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலுமாக நடந்துகொண்டேயிருக்கின்றன. ஆகவே இரு பக்கத்து முறைகளையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

நாயர் குடும்பங்களில் பழைய மணமுறைக்குப் புடமுறி என்று பெயர். கணவனாவான் ஊரறியப் புடவை கொடுப்பான்; பெண் பெற்றுக்கொள்வாள்; மணம் முடிந்தது. அப்புடவை பாலராமபுரத்துத் தறியில் நெய்ததாயிருத்தல் சிறப்பு. அத்தறிகளை அங்கே நாட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர்கள் என்பதை இங்கே இடையில் சொல்லிவைக்கின்றோம்; மலையாளத்து மணப்புடவையிலும் நம்மவர் இழை ஓடுகிறது என்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி. அம்முறையில் பெண் தன் தாய்வீட்டை விட்டுப் பிரிவதில்லை. நிலம் தாய்வழித் தறவாட்டுக்கு உரியது. தாய்மாமனாகிய காரணவர் அதனை ஆள்வார். அவருக்குப் பின் மருமகன் ஆள்வான். பெண்ணுக்குக் கூரை உண்டு. ஆனால் கணவன் சொத்தில் அவளுக்கும் மக்களுக்கும் உரிமை இல்லை. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் புடவை கொடுத்துச் செய்யும் மணத்தை முறையான மணமாக ஏற்றது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் பலதார மணத்தைத் தடுத்து, தறவாட்டைப் பிரித்துக்கொள்ளவும் வழி திறந்தது.

இதைவிடச் சிக்கலானது நாஞ்சில் நாட்டு வேளாளர் முறை. தாலி கட்டுவது தமிழர் முறை. பெண் கணவன் வீட்டிற்குப் போவதும் தமிழர் முறை. சொத்து இறங்குவது மட்டும் மருமக்கள் வழி! அதாவது, தாய்வீட்டுக் கூரையை விட்டுப் புறப்பட்டு வந்த பெண், கணவன் கண் மூடியவுடன் அவன் சகோதரி மகனின் தயவில் நிற்க வேண்டியவளானாள். அவளுக்கும் மக்களுக்கும் கணவன் குடும்பத்திலிருந்து ஒதுக்கித் தரப்படும் சிறு பகுதிக்கு உகந்துடைமை என்று பெயர். பெயர் என்னவோ அழகியதுதான். உகந்து கொடுத்தவர் எத்தனை பேர், வழக்குமன்றத்தின் படியேறிப் பெற்றவர் எத்தனை பேர் என்பதை அந்நாளைய முதியவர்கள் சொல்லக் கேட்டால்தான் தெரியும். மணத்தை முறிக்க எழுதும் பத்திரத்திற்கு ஒழிமுறி என்று பெயர். அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, தென்திருவிதாங்கூர்க் குடும்பக் கதையொன்று 2012-இல் மலையாளத் திரைப்படமாக வந்தது. கதை வசனம் நம் எழுத்தாளர் ஜெயமோகன்.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த அநீதியைக் கண்டு கொதித்தார். ஆனால் கொதிப்பை நகைச்சுவையாக மாற்றி, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலைப் பாடினார். காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வந்து சேர்ந்த பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அது அமைந்துள்ளது. குழந்தைப் பாடல்களுக்காக மட்டும் கவிமணியை அறிந்துள்ள நம் பிள்ளைகள் இந்நூலையும் படித்தல் நலம். படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்த பிறகு சிறிது நேரம் பேச்சு வராது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி, அச்சமூகத்தில் மக்கள் வழி உரிமைக்கு இடம் பிறந்தது.

இனி, கிறித்தவக் குடும்பங்களுக்கு வருவோம். இது எம் ஊரோடு மிக நெருங்கிய செய்தியாதலின் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

1916-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் ஒன்றைச் செய்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தை யார் யார் எவ்வளவு பெறுவர் என்பதை அது கூறிற்று. மகன்கள் இருக்குமிடத்து மகளுக்குப் பங்கு இல்லை. சீதனம் மட்டுமே உண்டு. அச்சீதனத்தின் அளவு, ஒரு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவ்விரண்டில் எது குறைவோ அது. கணக்கிட்டுப் பாருங்கள். மகன் பங்கு 10,000 ரூபாயானால் மகளுக்கு 2,500. மகன் பங்கு ஒரு இலட்சமானால் மகளுக்கு 25,000 வரவேண்டும்; ஆனால் 5,000-க்கு மேல் கிடையாது. வீடு செழிக்கச் செழிக்க மகளின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும் விந்தையான கணக்கு இது. தந்தை உயிரோடிருக்கும்போதே சீதனம் கொடுத்திருந்தாலும், கொடுப்பதாக வாக்களித்திருந்தாலும் அதுவும் இல்லை. கணவனை இழந்தவளுக்கோ வாழ்நாள் வரை அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று.

ஆனால் அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு ஒரு விலக்குக் கூறுகிறது. லத்தீன் முறைக் கத்தோலிக்கரில் சில பிரிவினரிடத்தும், சில வட்டங்களில் வாழும் புரொட்டஸ்டன்டுக் கிறித்தவரில் சில பிரிவினரிடத்தும், ஆணும் பெண்ணும் சமமாகவே பங்கு பெறும் வழக்கம் இருந்துவருகிறது. அவ்வழக்கத்தைச் சட்டத்தின் இந்த விதிகள் தொடமாட்டா என்பதே அவ்விலக்கு. எந்த வட்டங்கள்? கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலியவை. ஆம், நெய்யாற்றின்கரை! மகளுக்குக் காற்பங்கு போதும் என்று எழுதிய அதே அரசு, இங்கே வாழும் சிலரிடம் மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு என்னும் வழக்கம் முன்னமே இருப்பதைக் கண்டு, அதனை மாற்றத் துணியாமல் ஒதுங்கிச் சென்றது. பெண்ணுக்குச் சம பங்கு என்பது நேற்று டெல்லியிலிருந்து வந்த புதுமை என்று திண்ணையில் இருந்து பேசுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் தம் தாலுகாவின் பெயர் அந்தப் பிரிவில் இருப்பதை ஒருமுறை அறிந்துகொள்வாராக.

அதன்பின் நடந்தது பலரும் அறிந்ததே. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே இப்பகுதிக்கும் வந்துவிட்டது என்றும், ஆகவே 1916-ஆம் ஆண்டுச் சட்டம் அன்றே செயலற்றது என்றும், கோட்டயத்துப் பள்ளித் தலைவி மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயில் இல்லாதவிடத்து மனைவிக்கு மூன்றில் ஒன்று. எஞ்சியது மக்கள் அனைவர்க்கும், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, சமம். முப்பத்தைந்து ஆண்டுகள் நாம் உறக்கத்தில் இருந்தோம் என்பதே அத்தீர்ப்பின் பொருள். ஆனால் தந்தை உயில் எழுதி மகளை விலக்கிவிட இன்றும் சட்டம் இடந்தருகிறது. அயர்லாந்தார் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கணவன் மனைவியரிடையே அந்த வழியை அடைத்துவிட்டனர். உயில் எவ்வாறிருப்பினும், மக்கள் உள்ள இடத்தில் மூன்றில் ஒன்றும், மக்கள் இல்லாத இடத்தில் பாதியும் கணவனுக்கோ மனைவிக்கோ அங்கே உண்டு.

இந்துக் குடும்பங்களுக்கு எல்லையின் இரு பக்கத்திலும் சட்டம் வேறு வேறாக வளர்ந்தது. கேரளத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், 1976 டிசம்பர் 1 முதல் தறவாட்டையும் கூட்டுக்குடும்பத்தையும் ஒருங்கே நீக்கிற்று. தமிழ்நாட்டில் 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வந்தது; ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை என்றனர். தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை! 2005 செப்டம்பர் 9 முதல் நாடெங்கும் மணமானவள், மணமாகாதவள் என்ற வேற்றுமை ஒழிந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

சட்டத்தையே சொல்லிக்கொண்டு போனால் கல்யாண வீட்டின் மணமே போய்விடும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் எமக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், தாலிக்கட்டு அன்று. அதற்குப் பின் வரும் அடுக்களை காணல்தான். பெண் வீட்டார் திரண்டு, தம் மகள் இனிப் புழங்கப் போகும் அடுப்படியைப் பார்க்கப் போவர். வெறுங்கையோடு போகலாகாது. உருளி, குத்துவிளக்கு, அண்டா, பலகாரப் பானை என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிச் செல்வர். மேற்பார்வைக்கு இது விருந்து. உண்மையில், பெண் நல்ல இடத்தில்தான் இருக்கின்றாளா என்பதை அவள் அம்மாச்சியும் சித்தியும் நேரில் கண்டறிய ஊர் வகுத்த உபாயம். அயர்லாந்தில் தந்தை நிலத்தைப் பார்த்தார். இங்கே தாய் அடுப்பைப் பார்க்கிறார். நாஞ்சில் நாட்டுப் பக்கத்து நாலாம் நீரும், சுருள் வைத்தலும், திருவனந்தபுரத்துப் பந்தியில் போளியின் மேல் பால்பாயசம் ஊற்றுவதும் இன்னொரு திங்களுக்கு உரியவை. போளியைப் பற்றி மட்டும் தனியே எழுத வேண்டும் என்னும் ஆசை எமக்கு நெடுநாளாக உண்டு.

கல்யாணத்திற்குக் காலம் குறிப்பதிலும் ஒரு மாற்றம் காண்கின்றோம். அயர்லாந்துக் குடியானவர்கள் தவக்காலத்தில் மணம் செய்யார். ஆகையால் அதற்கு முந்திய சில வாரங்களில் கல்யாணங்கள் குவியும். தவக்காலம் பிறந்தும் மணமாகாத வாலிபன் அகப்பட்டால், முதல் ஞாயிறன்று அவன் சட்டையின் முதுகில் சாக்குக்கட்டியால் கோடிட்டுக் கேலி செய்வதும் சில இடங்களில் உண்டு. நம் பக்கத்திலும் சபையார் லெந்து நாட்களையும், மற்றவர் ஆடி, மார்கழியையும் விலக்கினர். இன்றோ நாள் குறிப்பது பஞ்சாங்கமும் அன்று, லெந்தும் அன்று. அரபு நாட்டு முதலாளி கொடுக்கும் விடுமுறையே. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை வந்தது முதல், இந்த வழியில் வருவோர் போவோரை எம் அலுவலகத்தார் கண்டு வருகின்றனர். முப்பது நாள் விடுமுறையில் வருபவன், முதல் வாரம் பெண் பார்த்து, இரண்டாம் வாரம் ஓலை வாசித்தோ நிச்சயதாம்பூலம் மாற்றியோ, மூன்றாம் வாரம் தாலி கட்டி, நான்காம் வாரம் தனியே திரும்பிப் போகின்றான். நிலம் பார்க்கவும், குணம் பார்க்கவும், பத்திரம் பார்க்கவும் நேரம் ஏது?

நேரம் குறைந்தபோது பேச்சும் சுருங்கிற்று. நாயர், வேளாளர், நாடார், ஈழவர், கத்தோலிக்கர், சபையார் என்று ஆறு வகையாக இருந்த முறைகள் எல்லாம் இன்று ஒரே கேள்வியாகிவிட்டன: எத்தனை பவுன்? மருமக்கள் வழியில் இருந்தவர்கள் சீதனம் என்னும் சொல்லையே அறியார். அவர்கள் வீட்டிலும் இன்று நூற்றொரு பவுன் என்னும் பேச்சு நுழைந்துவிட்டது. சம பங்கு கொடுத்த வழக்கத்தார் வீட்டிலும் பங்கின் இடத்தைப் பவுன் பிடித்துக்கொண்டது. பழைய முறைகள் ஒவ்வொன்றிலும் பெண்ணுக்கு ஏதோ ஒரு நிலையான பிடி இருந்தது. ஒன்றில் தாய்வீட்டுக் கூரை, ஒன்றில் சம பங்கு, ஒன்றுமில்லாவிட்டால் உகந்துடைமை. வங்கியில் அடகு வைக்கத்தக்க பவுன், அந்தப் பிடிகளில் ஒன்றுக்கும் ஈடாகாது என்பது எம் கருத்து.

இங்கே வெளியூர் அன்பர்களின் மனத்தாங்கலையும் சொல்லிவிட வேண்டும். அவர்களில் பலர் தங்கையின் கல்யாணத்தைத் தம் உழைப்பால் நடத்தி வைத்தவர்கள். பாலைவன வெயிலில் ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு உழைத்த பணம் ஒரே நாளில் பொன்னாகவும் பந்தியாகவும் போயிற்று. அப்படியிருக்க, அப்பனின் இருபது சென்டு நிலத்திலும் தங்கைக்குச் சம பங்கு என்றால் அது நியாயமா என்று கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லை என்று யாம் சொல்லமாட்டோம். சொல்ல விரும்புவது வேறு. அந்தப் பணம் அன்பளிப்பா, பங்குக்கு ஈடா, கடனா என்பதைக் கொடுக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். அதனைப் பெற்றவள் தங்கையா, தங்கையின் மாமனாரா என்பதையும் பார்த்திருக்க வேண்டும். மாமனார் கையில் எண்ணிக் கொடுத்த பணத்திற்குத் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் கேட்பது எந்தக் கணக்கு? கல்யாணத்திற்கு முந்திய வாரம், மருதாணி காயாத கையைப் பிடித்துப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் எல்லையின் இரு பக்கமும் இருக்கின்றது. அந்தக் கையெழுத்தின் பொருளை அப்போது அவளுக்குச் சொல்வார் எவருமில்லை. யாதொரு பத்திரமும் கல்யாணத்திற்கு முன்னே வேண்டா. கல்யாணம் முடிந்து, அவள் மனம் அமைந்து, தனக்கென ஒரு வழக்கறிஞரைக் கேட்டு, பிறகு விரும்பினால் எழுதிக் கொடுக்கட்டும். விரும்பாவிடின் அதற்காக அவளோடு உறவை முறித்துக்கொள்ளலாகாது.

சீதனம் கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனை அறியாதவர் இல்லை, அஞ்சுபவர்தான் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் பலர் அறியார். பெண்ணின் பொருட்டுக் கொடுக்கப்பட்ட சீதனம் வேறெவர் கைக்குப் போயிருந்தாலும், கல்யாணம் ஆன மூன்று திங்களுக்குள் அதனைப் பெண்ணிடம் சேர்ப்பித்துவிட வேண்டும். அதுவரை அது அவளுக்காகக் காத்து வைக்கப்பட்ட பொருளே. சேர்ப்பிக்காதவர் தண்டனைக்கு உரியவர். எம் அத்தையார் கழுத்தில் ஏறிய அந்த ஏழு பவுன், இச்சட்டத்தின் கண்ணில் எம் அன்னையாருடையதே. அத்தையாரிடம் இதை யாம் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் இனி நடக்கவிருக்கும் கல்யாணங்களைப் பற்றிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்யாணத்தில் வரும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதுதல் வேண்டும். மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் தத்தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் இன்னது, ஏறத்தாழ மதிப்பு இவ்வளவு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினராயின் இன்ன உறவு என்னும் விவரங்களெல்லாம் அதில் வரவேண்டும். இரண்டு பட்டியலிலும் மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். கல்யாணத்தன்றோ அதன் பின்னர் இயன்ற விரைவிலோ எழுதிவிடலாம். மொய் எழுத நோட்டும் பேனாவுமாக ஒருவரை வாசலில் உட்கார்த்தி வைக்காத கல்யாணம் நம் பக்கத்தில் உண்டோ? நூற்றொரு ரூபாய் மொய்க்கு நோட்டு வைப்பவர்கள், பொன்னுக்கும் ஒரு நோட்டு வைப்பதில் தொல்லை என்ன?

நோட்டு வாங்கும்போது நீளமானதாக வாங்குக. முதற்பக்கத்தில் நகைகளை எடையோடு எழுதி, நகைக்கடைச் சீட்டை அதனுள்ளேயே ஒட்டிவிடுக. கடைசிப் பக்கங்கள் சிலவற்றை வெறுமையாக விட்டு வைத்தால், அடுக்களை காணலுக்கு அம்மாச்சி தூக்கிச் செல்லும் உருளியையும் விளக்கையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.